கதவுக்கொரு நம்பர்

வீட்டுக்கு ஒரு நம்பர் பலகை வாங்குவதற்கு ஒரு குடும்பம் இத்தனை சண்டை போடுமா என்று போன வாரம் நீங்கள் சிரித்திருப்பீர்கள். தப்பில்லை. புதுச்சேரி சாரத்தில் அந்தத் தெருவே சிரித்தது.

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மில் தொழிலாளி பக்கிரி கட்டிய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் மாடியோடு புது வீடு எழும்பியிருக்கிறது. பக்கிரியும் இல்லை, அவர் சம்சாரமும் இல்லை. பிள்ளைகள் இரண்டு பேர்தான். மூத்தவள் தாமரைச்செல்வி, இளையவன் நெடுமாறன். நாளைக்கு விடிந்தால் புதுமனை புகுவிழா.

பலகை விஷயத்தில் ஆளுக்கொரு ஆசை. நெடுமாறன் பெண்டாட்டி இனியாவுக்கு, இருட்டினால் தானாக எரிகிற ஸ்டீல் எழுத்து வேண்டும். தாமரையின் வீட்டுக்காரர் அன்பழகன் கிரானைட் கல்லில் வெட்டலாம் என்றார். "கல்லறையா கட்டியிருக்கோம்?" என்று எல்லோருமாகச் சேர்ந்து அவர் வாயை அடைத்தார்கள். நெடுமாறனோ தமிழ் எண்தான் போடுவேன் என்று குதித்தான்.

"சோறு கொண்டு வர்ற பையன் உன் தமிழ் எண்ணைப் பார்த்துட்டு அடுத்த தெருவுக்குப் போயிடுவான்டா. நீ பட்டினி கிட" என்றாள் தாமரை.

அதற்கப்புறம் எந்த நம்பர் என்பதில் தகராறு. புது நம்பர் முப்பத்தொன்று. ஆனால் தபால்காரரிலிருந்து கீரைக்காரம்மா வரைக்கும் இன்றைக்கும் அதைப் பதினாலாம் நம்பர் வீடு என்றுதான் சொல்கிறார்கள். கடைசியில் பெரிதாக முப்பத்தொன்று, அடியில் சின்னதாகப் 'பழைய எண் 14' என்று சமாதானம் ஆயிற்று. கடற்கரைப் பக்கம் பழைய பிரெஞ்சுக்கார வீடுகளில் இருக்கிற நீலத் தகடு, வெள்ளை எழுத்து. அது தாமரையின் ஆசை. அந்த ஒன்றில் மட்டும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

"கீழ தம்பி, மேல அக்கா, நம்பர் ஒண்ணு. சரிதானே?" என்று நெடுமாறனே சொல்லி முடித்து வைத்தான்.

இந்த வார்த்தையை நம்பித்தான் தாமரை முன்னாடியே ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போய், அப்பா மனையில் தனக்குள்ள பாகத்தைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள். பிளான் ஒரே பேரில் இருந்தால் சுலபம் என்றான், போட்டாள். அரியாங்குப்பத்தில் இருக்கிற வாடகை வீட்டை மாசக் கடைசியில் காலி செய்கிறோம் என்று வீட்டுச் சொந்தக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. அந்த வீட்டுக்கு வேறு குடித்தனமும் பார்த்தாகிவிட்டது. இனி அவளுக்கு இருக்கிற கூரை சாரத்து வீட்டு மாடி ஒன்றுதான்.

இதை மனசில் வைத்துக்கொண்டு இந்த வெள்ளிக்கிழமைக்கு வாருங்கள்.

தாமரை வேலை பார்ப்பது உழவர்கரையில், ஏற்றுமதிச் சட்டை தைக்கிற கம்பெனியில். சூப்பர்வைசர். காலர் நூலளவு கோணினாலும் எட்ட நின்றே பிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவள் சொந்த வீட்டு விஷயத்தில் இத்தனை நாள் எப்படிக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள் என்று எனக்கே அவள் மேல் கோபம் வருகிறது. ஆனால் சட்டையைச் சந்தேகப்படச் சம்பளம் கொடுக்கிறார்கள். தம்பியைச் சந்தேகப்பட யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

போர்டை சாயங்காலம் நானே வாங்கி வந்துவிடுகிறேன் என்று நெடுமாறன் சொல்லியிருந்தான். ரயில்வே ஸ்டேஷன் பக்கம் டூரிஸ்டுகளுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறான். வெள்ளிக்கிழமை என்றால் அவனுக்கு மூச்சு விட நேரமிருக்காது. பாவம், அவனுக்கு ஒரு அலைச்சலாவது மிச்சமாகட்டும் என்று தாமரை மத்தியானமே பெர்மிஷன் போட்டுவிட்டுக் கிளம்பினாள். போர்டை முதலில் தான் பார்க்க வேண்டும் என்ற சின்னப்பிள்ளை ஆசையும் உண்டு.

போர்டு கடை ஜானகிராமனுடையது. நெடுமாறனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

"வாங்கக்கா, வாங்க! நீங்க வருவீங்கன்னு அவன் சொல்லவே இல்லியே."

"அவனுக்கு ஆயிரம் வேலை. என் போர்டு ரெடியா?"

"ரெடியாவா? ராத்திரியே முடிச்சாச்சு. உக்காருங்க, டீ சொல்றேன்."

நீலத் தகட்டை எடுத்து வந்து வைத்தான். தாமரை முந்தானையால் ஒரு துடை துடைத்தாள். முப்பத்தொன்று. அடியில் சின்னதாகப் பழைய எண் 14, பக்கிரி இல்லம். அவள் விரல் அந்த எண் மேல் மெதுவாக ஊர்ந்தது. நாற்பத்தாறு வயசில் முதல் தடவையாக அவளுக்கென்று ஒரு வாசல், அந்த வாசலுக்கு ஒரு நம்பர். வாடகை வீட்டு நம்பர்களை எத்தனையோ பாரத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறாள், ஒன்றுகூட அவளுடையதில்லை.

"நல்லா இருக்குப்பா. ரொம்ப நல்லா இருக்கு."

"இதுக்கே இப்படிச் சொன்னா எப்படி? இந்தப் பெட்டியையும் எடுத்துக்குங்க. எல்லாம் ஒரே பார்சல்தான். இதுலதான் வேலையே இருக்கு."

"இது என்னாது?"

ஜானகிராமன் பெருமையாக மேல் காகிதத்தைப் பிரித்தான். நம்மாள் கடைதானே, தனியாக எதற்கு வாயை மூடிக்கொள் என்று சொல்வது என நினைப்பது நம் ஊர் வியாதி. நெடுமாறனுக்கும் அந்த வியாதி இருந்தது. அக்காதான் கடைக்கு வரமாட்டாளே!

உள்ளே ஒரு பெரிய பலகை. தேக்கு நிறம், அதில் வெள்ளையாக, வளைவு வளைவாக எழுத்து. அக்கா வீடு.

தாமரை பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அட பாவி! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு" என்றாள். கண் நிறைந்துவிட்டது. சின்ன வயசில் தான் மூக்கைச் சிந்திவிட்டு வளர்த்த தம்பி, மாடிக்கு அவள் பேரில் ஒரு பலகை செய்து வைத்திருக்கிறானே! அந்தச் சந்தோஷம் ஜானகிராமன் மீதிக் காகிதத்தை உருவுகிற வரைக்கும்தான் இருந்தது.

அடியில் இன்னொரு வரி இருந்தது. ஹோம் ஸ்டே, வீட்டுச் சாப்பாடு.

பெட்டிக்குள் இன்னும் மூன்று சின்னத் தகடுகள். அவற்றையும் எடுத்து வரிசையாக அடுக்கினான். 101 லாவெண்டர். 102 லெமன். 103 ரோஸ்.

நம்பர் தகடு எதற்கு வாங்குவார்கள் என்று தாமரைக்குத் தெரியாதா? வீட்டுக்கு ஒரு நம்பர் போதும். ஒவ்வொரு கதவுக்கும் நம்பர் வேண்டும் என்றால் அது வீடு இல்லை, லாட்ஜ். லாவெண்டர் அவள் மகள் சிவசங்கரி தன் அறைக்கென்று பிடிவாதம் பிடித்துத் தேர்ந்தெடுத்த நிறம். விழுப்புரத்தில் நர்சிங் படிக்கிறாள், ஹாஸ்டலில் ஆறு பேரோடு ஒரு அறையில் கிடக்கிறாள். லெமன் தாமரையும் வீட்டுக்காரரும் படுக்கிற அறைக்கு. ரோஸ் மாடி ஹாலுக்கு.

"இது... மேல் மாடிக்கா?"

"ஆமாங்கா. சனி ஞாயிறுல ஊர்ல எங்கயும் ரூம் கிடைக்கலியே, சூப்பர் ஐடியா. அக்கா கையால மீன் குழம்பு, அதான் ஹைலைட்டுன்னு சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போனான்." அவள் முகத்தைப் பார்த்ததும் அவன் குரல் இறங்கியது. "நெடு உங்ககிட்ட..."

"சொன்னான், சொன்னான். எனக்குத்தான் வேலை மும்முரத்துல மறந்து போச்சு. பெட்டியைக் கட்டிக் குடு."

வெளி ஆளுக்கு முன்னால் தம்பியை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. இப்போதும் வரவில்லை, பாருங்கள். டீ வந்தது. குடிக்காமலே எழுந்துவிட்டாள்.

ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒருவேளை ஒரு வருஷத்துக்கு மட்டும் இருக்குமோ, ஒருவேளை இனியாவின் திட்டமாக இருக்குமோ என்று தம்பிக்காக அவளே வாதாடிப் பார்த்தாள். எந்த வாதமும் நிற்கவில்லை. பலகை அடித்திருக்கிறான், நிறத்தின் பேரைக்கூட விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறான்.

அன்பழகனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, உடனே சாரத்துக்கு வாங்க."

"என்னாச்சு? கேஸ் அடுப்பு எடுத்துட்டு வரணுமா?"

"அதெல்லாம் வேணாம். நேர்ல சொல்றேன். நீங்க வந்து என் பக்கத்துல நில்லுங்க, அது போதும்."

அவர் "வந்துட்டேன்" என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மீதி வழியைக் கடந்தாள்.

சாரத்து வீட்டு வாசலில் வாழை மரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். சீரியல் லைட் போடுகிற ஆளுக்கு நெடுமாறன் வழி சொல்லிக்கொண்டிருந்தான். உள்ளே ஹாலில் இனியா பூஜைச் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். புது அடுப்பு, மஞ்சள் கட்டிய புதுப் பால் குண்டான், குத்துவிளக்கு, எல்லாம் மணைப் பலகை மேல் தயாராக இருந்தன.

"அக்கா! நீயே வந்துட்டியா? லீவு போட்டியா?" என்று சிரித்துக்கொண்டு வந்த நெடுமாறன் அவள் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

தாமரை நேராக ஹாலுக்குள் போய் பெட்டியைக் கவிழ்த்தாள். தகடுகள் புது டைல்ஸ் மேல் கணகணவென்று விழுந்தன.

"முட்டாப்பய! உன் கையிலயா குடுத்தான்?" என்றான் நெடுமாறன்.

"அவனை ஏன்டா திட்டுற? மறைச்சு வைன்னு நீ சொல்லல. அதான் உன் வருத்தமா?"

"அக்கா, நீ முதல்ல உக்காரு. தண்ணி குடி."

"தண்ணி வேணாம். மேல மாடி யாருக்கு? அதை மட்டும் சொல்லு."

நெடுமாறன் தலையைச் சொறிந்தான். சின்ன வயசில் பொய் சொல்லும்போது செய்கிற அதே வேலை. "உன்னுதுதான்கா. யாரு இல்லேன்னா? கொஞ்ச நாளைக்கு மட்டும் சனி ஞாயிறு ரூம் விட்டுப் பார்க்கலாம்னு... தினமும் கடையில வந்து கேக்கறாங்க, ரூம் இருக்கா ரூம் இருக்கான்னு. பெங்களூர்ல இருந்து வர்றவன் லாட்ஜுல தங்க மாட்டேங்கறான். வீடு மாதிரி வேணுங்கறான்."

"அவனுக்கு வீடு மாதிரி வேணும். எனக்கு வீடே வேணும்டா."

இனியா பூக்கூடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் சுற்றி வளைக்காமல் பேசுகிற ஆள் அவள் ஒருத்திதான்.

"அண்ணி, நான் அப்பவே இவர்கிட்ட சொன்னேன், அண்ணிகிட்ட முதல்லயே பேசிடுங்கன்னு. கேக்கல. இனிமே மறைச்சு என்னா ஆகப்போவுது? நாளான்னைக்கே ரெண்டு குடும்பம் வருது. புக்கிங் வாங்கியாச்சு. இதுல வர்றது எங்களுக்கு மட்டுமா, உங்களுக்கும்தானே? காலையில இட்லி, மத்தியானம் மீன் குழம்பு, நீங்க பார்த்துக்கிட்டீங்கன்னா அந்தக் கம்பெனி வேலையைக்கூட விட்டுடலாம்."

"யாரைக் கேட்டு என் வேலையை விடச் சொல்ற?"

"நல்லதுக்குத்தான் அண்ணி சொல்றேன்."

"நல்லது இருக்கட்டும். மாசக் கடைசியில நான் சாமானைத் தூக்கிக்கிட்டு வரணும். எங்க வர்றது? நான் எங்க படுப்பேன்? என் பொண்ணு லீவுக்கு வந்தா எங்க படுப்பா?"

கேட்டது சின்னக் கேள்விதான். புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். வாசலில் வாழை கட்டுகிறவர் அரிவாள் கேட்டார், நெடுமாறன் அதைச் சாக்காக வைத்து மூலை மூலையாகத் தேட ஆரம்பித்தான்.

அந்த நேரம் பார்த்துத்தான் அன்பழகனின் வண்டிச் சத்தம் கேட்டது. தாமரைக்கு உயிர் வந்தது. என் ஆள் வந்துவிட்டார், இனி இவர்கள் பேச்சைப் பார்ப்போம் என்று நிமிர்ந்து நின்றாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசினதில்லை. இன்றைக்குப் பேசுவார் என்று நம்பினாள்.

அன்பழகன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தரையில் கிடந்த தகடுகளைப் பார்த்தார். குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தார், திருப்பிப் பார்த்தார். போர்டு வந்த ஆசையில், அங்கே நிற்கிறவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நல்லா வந்திருக்கே! மூணுதான் இருக்கு? மொட்டை மாடி ரூமுக்கு 'ஸ்டாஃப்'னு ஒண்ணு சொல்லியிருந்தோமே மச்சான், அது வரலியா?"

சொன்ன பிறகுதான் நிமிர்ந்தார்.

தாமரை அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். மொட்டை மாடி ரூம் என்றால் வேறொன்றுமில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சிமெண்டு ஷீட் போட்டு, வேலை நடக்கும்போது மூட்டை அடுக்க எழுப்பிய கொட்டகை. வெயில் காலத்தில் அதற்குள் நின்றால் தலை வெடிக்கும்.

"அந்த ரூம்ல யாரு இருக்கப் போறது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"தாமரை, நான் சொல்றதை..."

"அங்க யாரு இருக்கப் போறதுன்னு கேட்டேன்."

"நாமதான்" என்றார் அன்பழகன். "ஏர் கூலர் போட்டுத் தரேன்னு மச்சான் சொல்லியிருக்கான்."

பக்கத்தில் வந்து நில்லுங்கள் என்று யாரைக் கூப்பிட்டாளோ அவர் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருக்கிறார். தம்பி ஏமாற்றினான் என்று தெரிந்தபோது அவளுக்குக் கோபம் வந்தது. இப்போது கோபம் வரவில்லை. பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்போலேர்ந்து தெரியும்?"

அன்பழகன் தகட்டைக் கீழே வைத்தார். "பூச்சு வேலை நடக்கும்போதே பேசினோம்."

பூச்சு வேலை நடக்கும்போதே! அப்படியென்றால் பெயிண்டு கடையிலிருந்து கலர் அட்டையை வீட்டுக்குக் கொண்டு வந்தபோதே தெரியும். தாமரையும் சிவசங்கரியும் தலையோடு தலை முட்ட அந்த அட்டையைப் பார்த்து, லாவெண்டரா ஊதாவா என்று மணிக்கணக்காகச் சண்டை போட்டபோது, பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டு, "பாப்பா கேக்கறதையே போடு" என்று சொன்ன மனுஷன் இவர்.

"பாப்பா ரூம்னு தெரிஞ்சும் பேசாம இருந்தீங்க."

"எனக்கு வேலை போயி எத்தனை நாளாச்சு? உன் சம்பளத்துல டீ குடிச்சிட்டு, தெருவுல போறவன் வர்றவன் கேக்கறதுக்கெல்லாம் பல்லைக் காட்டிட்டு உக்காந்திருக்கேன். மச்சான் வந்து, நீங்கதான் மாமா மேனேஜருன்னான். எனக்கும் ஒரு நாற்காலி வேணாமா தாமரை?"

"உங்க வேலை போனதைப் பத்தி ஒரு நாளாவது நான் சொல்லிக் காட்டியிருக்கேனா?"

"இல்ல."

"ஒரு வார்த்தை?"

"இல்ல. அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு" என்றார் அன்பழகன். குரல் உடைந்திருந்தது. அவர் சொன்னது பொய்யில்லை. அதனால் தாமரைக்கு வலி குறைந்துவிடவும் இல்லை.

"எங்கிட்ட கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே" என்றாள். "உங்களுக்கு வேலை, தம்பிக்கு வியாபாரம், ரெண்டு வருஷம் அரியாங்குப்பத்துலயே இருந்துக்கலாம்னு நானே சொல்லியிருப்பேனே. மூணு பேரும் சேர்ந்து என்னை ஏங்க முட்டாளாக்கினீங்க? இந்த நம்பர் போர்டுக்கு நீலமா பச்சையான்னு எங்கிட்ட எதுக்குக் கேட்டீங்க?"

நெடுமாறன் கிட்டே வந்தான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு. "அக்கா, இதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். விடிஞ்சா சொந்தக்காரங்க அத்தனை பேரும் வந்துடுவாங்க. பொறந்த பொண்ணுதான் முதல் பால் காய்ச்சணும். நீ காய்ச்சாம நான் குடி வர முடியுமா? அவங்க முன்னால மட்டும் முகத்தைத் தூக்கி வச்சுக்காத. உன்னைக் கும்புட்டுக் கேக்கறேன்."

தாமரை சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பில்லை அது. இனியா ஒரு அடி பின்னால் போனாள்.

"பால் காய்ச்சறதுக்கு நான் இந்த வீட்டுப் பொண்ணு. படுக்கறதுக்கு ஸ்டாஃப்."

நெடுமாறன் கும்பிட்ட கையை இறக்கினான்.

"சரிடா. காய்ச்சறேன். முறையை நான் கெடுக்க மாட்டேன்." மணைப் பலகையிலிருந்த புது அடுப்பைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மறு கையில் மஞ்சள் கட்டிய குண்டானை எடுத்தாள். "மேல காய்ச்சறேன். பால் காய்ச்சினா குடி வந்துட்டோம்னுதானே அர்த்தம்? வர்ற சொந்தக்காரங்க அத்தனை பேரும் மேல வந்து பார்க்கட்டும், தாமரை எங்க குடி வந்திருக்கான்னு. அதுக்கப்புறம் எந்த பெங்களூர்க்காரனை எந்த ரூம்ல படுக்க வைக்கிறன்னு நான் பார்க்கிறேன்."

"அண்ணி, அந்த அடுப்பு இங்க..."

"ஒரு வீட்டுல ரெண்டு அடுப்பு எரிஞ்சா என்னான்னு எனக்கும் தெரியும் இனியா. நான் எரிக்கல. நீங்க எரிச்சீங்க."

"அக்கா, நில்லுக்கா! மேல போகாத!" நெடுமாறன் குறுக்கே வந்தான். அவள் பார்த்த பார்வையில் தானாக ஒதுங்கினான். பாதி வளர்த்தது அவள்தானே, அந்தப் பார்வை அவனுக்கு இன்னும் வேலை செய்தது.

தாமரை படியேறினாள். கனமான அடுப்பு, இடுப்பெலும்பில் அழுத்தியது. கீழே அவர்கள் முன்னால் வராத கண்ணீர் இப்போது வந்தது. துடைக்கக் கையில்லை. வழிந்தால் வழியட்டும் என்று விட்டுவிட்டாள். மாடிக் கதவுக்கு வேப்ப மரம் போதும் என்று தச்சரிடம் அவன் சொன்னபோது, வாசக்கதவு தேக்குல இருக்கட்டும்டா என்று அவள்தான் கேட்டு வாங்கினாள். அந்தத் தேக்குக் கதவு பளபளவென்று நின்றது.

அடுப்பை இறக்கி வைத்துவிட்டுக் கைப்பிடியைத் தேடினாள். சாவித் துவாரம் இல்லை. அது இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு பெட்டி, அதன் மேல் வரிசையாகப் பொத்தான்கள், ஒன்றிலிருந்து ஒன்பது வரைக்கும், அடியில் ஒரு பூஜ்யம். நம்பர் அழுத்தினால் திறக்கிற பூட்டு. வருகிறவர்களுக்குச் சாவி கொடுக்க வேண்டாமாம், போனில் நம்பரை அனுப்பிவிட்டால் போதுமாம். ஒரு வாரமாக "பாலிஷ் காயல, மேல யாரும் போகாதீங்க" என்று தம்பி தடுத்தது எதற்கென்று அவளுக்கு இப்போது புரிந்தது.

படியின் அடியில் மூன்று பேரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நம்பர் என்னா?" என்று கேட்டாள்.

நெடுமாறன் தரையைப் பார்த்தான். இனியா அவனைப் பார்த்தாள்.

"ஏங்க, உங்களைத்தான் கேக்கறேன். உங்களுக்குத் தெரியும்ல? மேனேஜராச்சே. கதவு நம்பர் என்னா?"

அன்பழகன் முதல் படியில் கால் வைத்தார். வாயைத் திறந்தார். சொல்லிவிடுவார் என்றுதான் அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். ஆனால் அவர் திரும்பி நெடுமாறன் முகத்தைப் பார்த்தார். கட்டின பெண்டாட்டிக்கு ஒரு கதவைத் திறந்துவிட மச்சானின் உத்தரவுக்காகக் காத்து நின்றார்.

அதைப் பார்த்த பிறகு தாமரை மறுபடி கேட்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கதவில் முதுகைச் சாய்த்து, பால் குண்டானை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

"எனக்குச் சொல்ல வேணாம்" என்றாள். "காலையில அத்தனை பேரும் வருவாங்கல்ல? நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன். சொந்த வீட்டுக்கு வெளியில ஏம்மா உக்காந்திருக்கன்னு கேப்பாங்க. நம்பரை அவங்ககிட்ட சொல்லுங்க."